சுல்தானை உடைத்தது யார்?

“சுல்தானைக் கொன்னுட்டாங்கம்மா! காலேஜுக்குள்ளயே, அத்தனை பேரு கண்ணு முன்னாடி!”

ஸ்பீக்கரில் வந்த அலறலைக் கேட்டதும் உதவியாளன் அப்சர் வாய்க்குக் கொண்டுபோன போண்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டான். தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு குடைக் கடைக்கு மேல்மாடியில் ‘பிரகதா துப்பறியும் நிலையம்’ திறந்த நாளிலிருந்து காணாமல் போன கணவர், காணாமல் போன பூனை, காணாமல் போகத் திட்டமிடும் சீட்டுக் கம்பெனி முதலாளி என்றுதான் வழக்குகள் வந்திருக்கின்றன. கொலை வந்ததில்லை.

பிரகதாம்பாள் பதறவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நொறுங்கிய லாரிகளையும் பார்த்து நஷ்டத்தை மதிப்பிட்டே தலை நரைத்தவர் அவர். பதறுகிறவர்கள் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டு கேட்கப் பழகியவர்.

“ஹமீது பாய், மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்க. சுல்தான்கிறது யாரு?”

“என் மக நுஸைபா செஞ்ச பீமுங்க! கான்கிரீட்டு பீமு!”

அப்சர் போண்டாவை மறுபடி கையில் எடுத்தான்.

“மேடம், பிணத்துக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்ண மேஸ்திரியைக் கூப்பிடலாமா?”

“வண்டியை எடு” என்றார் பிரகதாம்பாள்.

பாபநாசம் கடைத்தெருவில் அப்துல் ஹமீதின் பாத்திரக் கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. கடைவாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ் தொங்கியது. அதில் நுஸைபா சிரித்துக்கொண்டிருந்தாள். ‘உமிச் சாம்பலில் பாலம் கண்ட பொறியாளர் மகளுக்கு வாழ்த்துகள்’ என்று தங்க நிறத்தில் எழுத்து. ஹமீது அதை இறக்கவும் மனமில்லாமல் நிமிர்ந்து பார்க்கவும் முடியாமல் அதற்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

அவர் சொன்ன கதை இது. பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வயல்களுக்கு அறுவடை மெஷின் போக நேர்வழியில்லை, ஊரையே சுற்ற வேண்டும். பழைய மதகுப் பாலம் போன மழையில் இடிந்துவிட்டது. ஊர் விவசாயிகள் சேர்ந்து புதிதாக ஸ்லாப் போட்டுக்கொள்ளத் தீர்மானித்தார்கள். பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம் சிவில் படிக்கும் நுஸைபா அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்தாள். ரைஸ் மில்லில் மலையாகக் கிடக்கும் உமிச் சாம்பலைச் சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கலந்தால் செலவும் குறையும், பலமும் குறையாது என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஸ்லாப்புகளை வார்த்தது காண்ட்ராக்டர் மருதையன். அதே கலவையில், அதே கம்பி போட்டு, கல்லூரியில் ஒரு சிறிய உத்தரம் வார்த்தார்கள். அதுதான் சுல்தான். சுல்தான் சோதனையில் தேறினால் பாலம் போடலாம் என்பது ஏற்பாடு.

“தாங்க வேண்டிய எடையில மூணுல ஒரு பங்குகூடத் தாங்கலைங்க. முறுக்கு உடையற மாதிரி உடைஞ்சிருச்சு” என்றார் ஹமீது. “இப்ப இவ முன்னாடி காட்டின கணக்கெல்லாம் பொய்யின்னு விசாரணை வச்சிருக்காங்க. டிகிரியே போயிடும்போல இருக்கு. எல்லாம் அந்த சமீர் பய வேலை. இவகூட ப்ராஜெக்ட் பண்றவன். லேப் சாவி அவன்கிட்டதான் இருந்துச்சு. பொறாமைம்மா, பொறாமை!”

கடைக்குப் பின்னால் இருந்த வீட்டின் வாசற்படியில் நுஸைபா வந்து நின்றாள். ஃப்ளெக்ஸில் இருந்த சிரிப்பு இந்த முகத்தில் இல்லை.

“விடுங்க அத்தா” என்றாள் தகப்பனிடம். “உடைஞ்சது உடைஞ்சதுதான். இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?”

“எதிரி யாராவது உண்டாம்மா உனக்கு?” என்றார் பிரகதாம்பாள்.

“இல்லங்க. தயவுசெஞ்சு போயிடுங்க.” சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெளியே வந்ததும் அப்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்: “நம்ம தொழில்ல இது புதுசு மேடம். குற்றவாளி போகச் சொல்லுவான், சரி. பாதிக்கப்பட்டவங்களே போகச் சொல்றாங்க.”

“அதை ஞாபகம் வச்சுக்க” என்றார் அவர்.

சமீர் கல்லூரி வாசலில் இருந்த டீக்கடையில் கிடைத்தான். நாலு நாள் தாடி, கழுத்தில் தொங்கும் ஹெட்போன், உலகமே தன்னைச் சந்தேகிக்கிறது என்கிற பார்வை.

“நீங்க போலீஸா?”

“இல்ல தம்பி. அதைவிடச் சம்பளம் கம்மி” என்றான் அப்சர்.

பிரகதாம்பாள் மூன்று டீயும் ஒரு பன்னும் சொல்லிவிட்டு, ஏதோ வீடு கட்டப் போகிறவர் மாதிரி விசாரித்தார். “தம்பி, எனக்கு இதெல்லாம் தெரியாது. உத்தரத்துல கம்பி எங்க இருக்கணும்?”

“உள்ள இருக்கணும் மேடம்.”

“உள்ளன்னா எங்க?”

சமீர் கொஞ்சம் யோசித்தான். “நடுவுல மேடம். பத்திரமா.”

அப்சருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. சமீரின் தோளில் கை போட்டான். “எஸ்.ஓ.எம். அரியரா?”

“ஆமாண்ணே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“ஒரே ரத்தம்டா!”

பொருள்களின் வலிமையைப் பற்றிய அந்தப் பாடத்தை மாணவர்கள் எஸ்.ஓ.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது நீண்ட நேரம் சொல்லத் தகுந்த பெயர் அல்ல என்பது அப்சரின் கருத்து. அவனுடைய மெக்கானிக்கல் படிப்பு அந்தப் பாடத்தில்தான் கவிழ்ந்து, கடைசியில் அவனைத் துப்பறியும் துறையில் கொண்டுவந்து போட்டது. தோற்றுத் தோற்று ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து படித்ததால் முதல் அத்தியாயம் மட்டும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

“இங்க பாருங்க மேடம்” என்று பன்னை இரண்டு கையிலும் பிடித்தான். “இதுதான் உத்தரம். ரெண்டு முனையையும் தாங்கிப் புடிச்சு மேல நடுவுல கட்டைவிரலை வச்சு அழுத்தறேன். என்ன ஆகுது?”

பன்னின் மேல்பக்கம் சுருங்கியது. அடிப்பக்கம் விரிந்து, இழுபட்டு, பிய்ந்தது.

“மேல நசுங்குது, கீழ இழுபடுது. கான்கிரீட்டை எவ்வளவு வேணா நசுக்கலாம், தாங்கும். இழுத்தா மட்டும் தாங்காது, கிழிஞ்சிரும். அதனாலதான் இழுபடற அடிப்பக்கத்துல கம்பியைப் போடறது. கம்பி புடிச்சு வச்சுக்கும்.”

“இவ்வளவு தெரிஞ்சும் ஏன் ஃபெயில் ஆன?”

“கேள்வித்தாள்ல பன் வரலியே மேடம்.”

பிரகதாம்பாள் பிய்ந்த பன்னில் பாதியை எடுத்து டீயில் தோய்த்துக்கொண்டார். “சோதனையை யாராவது வீடியோ எடுத்தீங்களா தம்பி?”

சமீர் தன் போனைக் கொடுத்தான். திரையில் கல்லூரி ஆய்வுக்கூடம் தெரிந்தது. மெஷினுக்கு நடுவில், இரண்டு முட்டுகளின் மேல், வெள்ளையடித்த உத்தரம் கிடந்தது. நான்கு பக்கமும் ஒரே அளவு. பக்கவாட்டில் நீல நிறத்தில் அழகான எழுத்தில் ‘சுல்தான்’. மேலிருந்து மெஷினின் இரும்புக்கை மெதுவாக இறங்கியது. யாரோ அளவுகளை உரக்கப் படித்தார்கள். திடீரென்று ‘டப்’! நடுவில் பிளந்து இரண்டு துண்டும் தொங்கின. மேல்பக்கத்தில் மட்டும் கம்பிகள் பிடித்துக்கொண்டிருந்தன.

அப்சர் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினான். “மேடம்! கம்பி மேல இருக்கு! நசுங்கற பக்கத்துல! அடியில ஒண்ணுமே இல்ல, வெறும் கான்கிரீட்டு. உடையாம என்ன பண்ணும்?”

“அப்ப வார்க்கும்போதே கம்பியைத் தப்பா வச்சுட்டாங்களா?”

“இல்லைங்க மேடம்” என்றான் சமீர். “நுஸைபாதான் கம்பியை வச்சா. அவ தூக்கத்துல கூடத் தப்பா வைக்க மாட்டா.”

பிரகதாம்பாள் வீடியோவைப் பின்னால் நகர்த்தி, உத்தரம் உடைவதற்கு முன்னால் நிறுத்தினார். விரலால் பெரிதாக்கினார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. எரிந்த கடையில் எரியாத பெட்ரோல் டப்பாவைக் கண்டபோதெல்லாம் வந்திருக்கக்கூடிய சிரிப்பு.

“எதுக்கு இதுக்கு வெள்ளையடிச்சீங்க?”

“விரிசல் விழுந்தா கறுப்புக் கோடா நல்லாத் தெரியும் மேடம். முந்தின நாள் சாயங்காலம் நான்தான் அடிச்சேன். கொஞ்சம் தண்ணியாக் கரைச்சிட்டேன், அங்கங்க வழிஞ்சிருக்கும்.”

“வழிஞ்சிருக்கு. அப்சர், சுண்ணாம்பு எந்தப் பக்கமா வழியும்?”

“கீழ்ப்பக்கமா மேடம். இது அரியர் இல்லாதவங்களுக்கும் தெரியும்.”

“இதைப் பாரு.”

பார்த்தான். வெள்ளைப் பரப்பில் சுண்ணாம்புத் துளிகள் கோடு கோடாக ஓடி, முனையில் முத்துப்போல உருண்டு காய்ந்திருந்தன. எல்லா முத்தும் மேல்நோக்கி இருந்தன. சுல்தான் மேல் பூசிய சுண்ணாம்பு வானத்தைப் பார்த்து வழிந்திருந்தது.

“திருப்பிப் போட்டுட்டாங்க!” அப்சர் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டான். “சாயங்காலம் வெள்ளையடிக்கும்போது நேரா இருந்திருக்கு. சுண்ணாம்பு காஞ்சப்புறம் யாரோ புரட்டியிருக்காங்க. நாலு பக்கமும் ஒரே அளவுங்கறதால ஒருத்தர் கண்ணுலயும் படல. சிமெண்டைத் திருடல, கம்பியை அறுக்கல. சும்மா ஒரு புரட்டு!”

“புரட்டினவங்களுக்கு எந்தப் பக்கம் இழுபடும்னு தெரிஞ்சிருக்கணும்” என்றார் பிரகதாம்பாள். “கம்பி நடுவுல பத்திரமா இருக்குன்னு நம்பறவங்க இதைச் செஞ்சிருக்க முடியாது.”

சமீருக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. “அப்ப நான் இல்லையா?”

“நீ இல்லடா. அரியர் வச்சுத் தப்பிச்ச முதல் ஆளு நீதான்” என்றான் அப்சர்.

பிரகதாம்பாள் எழுந்து, புடவையில் விழுந்த பன் துகளைத் தட்டிவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டார். “சுல்தான்னு எழுதினது யாரு தம்பி?”

“நுஸைபா மேடம். நான் வெள்ளையடிச்சிட்டு, காயட்டும்னு சாவியை அவகிட்டயே குடுத்துட்டுப் போயிட்டேன். காலையில வந்து பாத்தப்ப எழுதியிருந்தா. நானும் லேப் அண்ணனும் அப்படியே தூக்கி மெஷின்ல வச்சோம்.”

ஸ்கூட்டர் வயல்களுக்கு நடுவே பறந்தது. இரண்டு பக்கமும் சம்பா முற்றித் தலை சாய்த்திருந்தது. வடகிழக்கில் தை மாதத்துக்குச் சம்பந்தமில்லாத கருமேகம். அப்சர் பேசிக்கொண்டே ஓட்டினான். புரட்டியவன் பேராசிரியராக இருக்கலாம், போட்டி மாணவனாக இருக்கலாம், சிமெண்டுக் கம்பெனி உளவாளியாகக்கூட இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டு போனவன், திடீரென்று பிரேக்கைப் பிடித்தான். பிரகதாம்பாளின் கண்ணாடி அவன் முதுகில் இடித்தது.

“மேடம், சுண்ணாம்பு தலைகீழா இருந்துச்சு.”

“ஆமா.”

“ஆனா சுல்தான்கிற எழுத்து நேரா இருந்துச்சே!”

“ஆமா.”

“புரட்டறதுக்கு முன்னாடி எழுதியிருந்தா எழுத்தும் தலைகீழா நின்னிருக்கும். அப்ப எழுதினவங்க புரட்டினப்புறம்தான் எழுதியிருக்காங்க. எழுதினது...” அவன் முடிக்கவில்லை.

“டீக்கடையிலயே சொல்லியிருப்பேன். நீ பன்னோட சந்தோஷமா இருந்தே, கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன்.”

“தன் பீமைத் தானே எதுக்கு மேடம் உடைக்கணும்? டிகிரியே போகப் போகுதே!”

பதில் வருவதற்குள் போன் அடித்தது. ஹமீது. “அம்மா, பொண்ணைக் காணோம்! வாய்க்கால்ல இன்னிக்கு மருதையன் ஸ்லாப்பை ஏத்தி வச்சுட்டாராம். அறுவடை மெஷின் தாண்டப் போகுதாம். இவ போய் மெஷினுக்குக் குறுக்க நிக்கறாளாம்! நான் போயிட்டிருக்கேன், நீங்களும் வாங்க!”

பெரிய வாய்க்கால் கரையில் கூட்டம் கூடியிருந்தது. மேட்டூரை மூடிய பிறகு தண்ணீர் வடிந்து, வாய்க்காலில் சேறும் அங்கங்கே குட்டையும்தான் மிச்சம். ஆள் நிற்கும் ஆழம். அதன் குறுக்கே புத்தம் புதிய ஸ்லாப் பளபளவென்று கிடந்தது. கரையில் யானை மாதிரி ஓர் அறுவடை மெஷின். அதற்கும் ஸ்லாப்புக்கும் நடுவே நுஸைபா. துப்பட்டா காற்றில் பறக்க, இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

“பாப்பா, தள்ளிக்கம்மா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் மருதையன். வெள்ளை வேட்டி, கிடாவின் கொம்புபோல வளைந்த மீசை. “மேகத்தைப் பாரு. மழை விழுந்தா கதிரெல்லாம் சேத்துல படுத்துரும். ஊரு வயித்துல அடிக்காதம்மா.”

அவர் பக்கத்தில் நின்ற இளஞ்செழியன் கெஞ்சவில்லை. கூலிங் கிளாஸ், மடிப்புக் கலையாத சட்டை. மருதையனின் மனைவிக்குத் தம்பி. சிவிலில் தங்கப் பதக்கம் வாங்கியவன். அக்கா வீட்டுக்காரரின் காண்ட்ராக்ட் வேலைகளை எல்லாம் மேற்பார்வை பார்ப்பவன். “அந்தப் பொண்ணோட பீமு உடைஞ்சது சாம்பலாலங்க. நாங்க ஸ்லாப்புல சாம்பலே சேர்க்கல. சுத்தமான சிமெண்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்று கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னான்.

பிரகதாம்பாள் நேராக நுஸைபாவிடம் போனார். குரலைத் தாழ்த்தினார்.

“சுல்தானைப் புரட்டிட்டு ஏம்மா பேரை நேரா எழுதின?”

நுஸைபாவின் விரித்த கைகள் கீழே இறங்கின. கண் நிரம்பிவிட்டது.

“தலைகீழா எழுத மனசு வரலைங்க” என்றாள். “நாங்க வச்ச பேரு.”

பிறகு கொட்டினாள். ஸ்லாப் வார்த்த யார்டுக்கு ஒருநாள் பார்க்கப் போயிருக்கிறாள். ஒரு ஸ்லாப்பின் மூலை உடைந்து கம்பி தெரிந்தது. அவள் வரைந்தது கட்டைவிரல் தடிமன். அங்கே இருந்தது பென்சில் தடிமன். இளஞ்செழியனிடம் கேட்டால், சிரித்தான். மறுநாள் அந்த ஸ்லாப் யார்டில் இல்லை. ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம் சொன்னால், படிக்கிற வேலையைப் பார் என்றார்.

“டிசைன்ல உன் பேருதாம்மா இருக்கு, விழுந்தா முதல்ல உன் பேருதான் விழும்னு எங்க சார் சொன்னாருங்க. கையில ஒரு ஆதாரமும் இல்ல. சுல்தான் தேறிட்டா இந்த ஸ்லாப்பை ஏத்திடுவாங்க. மெஷின் ஓட்டறவரு, கூட வர்றவங்க... எனக்கு வேற வழி தெரியலை. சுல்தான் தோத்தா வேலை நின்னுடும்னு நினைச்சேன். சாம்பலைச் சாக்கா வச்சுட்டு இப்படிப் பண்ணுவாங்கன்னு நினைக்கவே இல்ல.”

பின்னால் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. ஹமீது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லியிருந்தா நேரா போய் இளஞ்செழியன் சட்டையைப் புடிச்சிருப்பீங்க அத்தா.”

ஹமீது யோசித்துப் பார்த்தார். “புடிச்சிருப்பேன்தான்” என்று ஒப்புக்கொண்டு, இப்போதாவது பிடிக்கலாமே என்கிற மாதிரி இளஞ்செழியன் பக்கம் நகர்ந்தார். அப்சர் அவர் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு நிறுத்தினான். “மாமா, பொறுங்க. எங்க மேடம் ஏதோ பண்ணப் போறாங்க. அவங்க கண்ணாடியைத் துடைச்சா ஏதோ பண்ணுவாங்க.”

பிரகதாம்பாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அறுவடை மெஷின் டிரைவரிடம் போய் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு மருதையனிடம் வந்தார்.

“ஸ்லாப் நல்லா இருக்கே. உங்களுக்கு இது மேல நம்பிக்கை உண்டுங்களா?”

“என் மீசைக்கு அடுத்தபடியா இது மேலதான் நம்பிக்கை.”

“அப்ப ஒண்ணு செய்யலாம். இது அடியில ஒரு சேரைப் போட்டு உக்காருங்க. மெஷின் மேல போகட்டும். அதுக்கப்புறம் இந்தப் பொண்ணு வாயைத் திறக்காது, ஊரும் சந்தேகப்படாது.”

அப்சர் உள்ளுக்குள் கைதட்டினான். அபாரம்! ஆள் இப்போது வியர்ப்பார், இருமுவார், மூட்டுவலி என்பார். அதுவே ஒப்புதல் வாக்குமூலம்.

மருதையன் வாய்விட்டுச் சிரித்தார். “இவ்வளவுதானா? எடுங்கடா சேரை!”

வேட்டியை மடித்துக் கட்டினார். சரிவில் இறங்கினார். சேற்றில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஸ்லாப்புக்கு நேர் அடியில், கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் இடம் பிடித்தவர் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். “வரச் சொல்லுங்க மெஷினை!”

அப்சர் ஹமீதை விட்டுவிட்டு வாய்க்கால் ஓரத்துக்கு ஓடினான். இவர் பயப்படவில்லை. அப்படியானால் ஸ்லாப் நல்லதா? நுஸைபா பார்த்தது தப்பா? இல்லை, ஸ்லாப் கெட்டது, இவருக்குத் தெரியாதா? தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால்... அவன் பிரகதாம்பாளைப் பார்த்தான். அவர் மருதையனைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை கூலிங் கிளாஸின் மேல் இருந்தது.

மெஷின் உறுமியது. கரும்புகையைக் கக்கியது. சங்கிலிச் சக்கரம் ஓர் அடி முன்னால் நகர்ந்தது. ஹமீது ஓரமாக இழுத்துப் பிடித்திருந்த நுஸைபா “வேணாம்!” என்று கத்தியது அந்த இரைச்சலில் கேட்கவில்லை. கேட்டது இன்னொரு குரல்.

“மாமா! வெளிய வாங்க மாமா!”

இளஞ்செழியன் கண்ணாடியை எங்கோ எறிந்துவிட்டுச் சரிவில் உருண்டு புரண்டு இறங்கினான். இஸ்திரிச் சட்டையெல்லாம் சேறு. மருதையனின் கையைப் பிடித்து இழுத்தான்.

“வாங்க மாமா, தாங்காது! சத்தியமாத் தாங்காது!”

“என்னடா தாங்காது? நம்ம ஸ்லாப்புடா இது. நீ போட்டதுடா!”

“அதனாலதான் சொல்றேன்! தடிக் கம்பியை வெளிய வித்துட்டேன் மாமா. உள்ள கிடக்கறது மெல்லிசு. வாங்க மாமா, அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்!”

மெஷின் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு பிரகதாம்பாளைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

“டிரைவர் அண்ணனை நான் மெஷினை ஏத்தச் சொல்லவே இல்லை. சத்தம் போட்டு ஓர் அடி மட்டும் நகரச் சொன்னேன்” என்றார் கூட்டத்திடம். “அடியில யார் உக்காருவாங்கன்னு பாக்கறதுக்கு இல்லைங்க. யார் எழுப்புவாங்கன்னு பாக்கத்தான்.”

மருதையன் நாற்காலியை விட்டு மெல்ல எழுந்தார். தலைக்கு மேலே இருந்த ஸ்லாப்பை, அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார். மைத்துனனை அடிக்கவில்லை. கரையேறி வந்து, செங்கல் ஏற்றி நின்ற தன்னுடைய டிரெய்லரைக் காட்டினார். “டிராக்டரால அதைப் பின்னாடி தள்ளி ஏத்துங்கடா. பாத்துடறேன்.”

டிரெய்லரின் சக்கரங்கள் ஸ்லாப்பில் ஏறின. மெஷினின் எடையில் பாதிகூட இருக்காது. நடுவுக்கு வந்ததும் ‘டப்’பென்று ஒரே சத்தம். ஸ்லாப் மடங்கி, டிரெய்லர் ஒரு கணம் குடைசாய்ந்து நின்று, செங்கல்லோடு வாய்க்காலில் விழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. உடைந்த முனைகளில் மெல்லிய கம்பிகள் துடைப்பக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

அறுவடை மெஷின் டிரைவர் தன் இருக்கையை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நுஸைபா கரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். “நான் பாத்தது தப்பா இருக்கணும்னுதான் தினம் துஆ கேட்டேன்” என்று அழுதாள். மருதையன் அவள் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அத்தனை ஸ்லாப்பையும் நானே உடைச்சுப் புதுசா வார்த்துத் தர்றேன் பாப்பா. நீ வந்து கம்பியைப் பாத்துச் சரின்னு சொன்னப்புறம்தான் கான்கிரீட்டு விழும்.” திரும்பி மைத்துனனைப் பார்த்தார். “இவனை நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவங்க அக்காவுக்கு என்ன பதிலுன்னு வழியில யோசிச்சுக்கட்டும்.”

மழை அன்று ஏமாற்றிவிட்டது. மெஷின் ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக மறுநாள் வயலில் இறங்கியது.

கல்லூரியில் விசாரணை நடந்தது. சோதனையில் வேண்டுமென்றே குளறுபடி செய்தது குற்றம்தான் என்றார்கள். நுஸைபா மறுக்கவில்லை. மறுபடி வார்த்து, மறுபடி எல்லார் முன்னாலும் சோதித்துக் காட்ட வேண்டும், அதுவரை டிகிரி இல்லை என்று தீர்ப்பு. அவளைப் படிக்கிற வேலையைப் பார்க்கச் சொன்ன பேராசிரியர் அந்தக் கூட்டம் முழுக்கத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கான்கிரீட் இறுகிப் பலம் பிடிக்கக் காத்திருந்து, மாசிக் கடைசியில் ஒரு காலை நேரம் அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். இந்த முறை உத்தரத்தின் தலைப்பக்கத்தில் ஒரு பெரிய அம்புக்குறி போட்டு ‘மேல்’ என்று எழுதியிருந்தது. மெஷினின் கை இறங்கியது. பழைய உத்தரம் உடைந்த அளவை முள் தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை. கணக்குப்படி தாங்க வேண்டிய அளவை நெருங்கியபோது அடிப்பக்கத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. உத்தரம் லேசாகத் தொய்ந்தது. ஹமீது கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கோடுகள் மெதுவாக, ஊர்ந்து ஊர்ந்து மேலேறின. ஆனால் அந்த ‘டப்’ வரவில்லை. கம்பிகள் பிடித்துக்கொண்டிருந்தன. அடியில் எவராவது இருந்திருந்தால் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, நடந்தே வெளியேறியிருக்கலாம்.

அப்சர் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். கம்பி எதற்கு என்று அவன் பலமுறை பரீட்சையில் எழுதியிருக்கிறான். இப்போதுதான் பார்த்தான்.

“முள்ளு உங்க கணக்கைத் தாண்டிருச்சும்மா” என்றார் மெஷினை இயக்கியவர். “போதும், நிறுத்திடவா?”

நுஸைபா முள்ளைப் பார்க்கவில்லை. தரையில் மண்டியிட்டு உத்தரத்தின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“இன்னும் தாங்கும் சார்” என்றாள். “ஏத்துங்க.”